தொட்டால் அடங்கும் தந்தி: பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு ஹார்ப் கற்பித்த நிகழ்வு ஆய்வு

வரிசையாக நிற்கும் தந்திகளை விரல்களால் மீட்டும் கருவியான ஹார்ப்பில், மேற்கத்திய இசையின் சி என்ற சுரத்துக்கான தந்திகள் சிவப்பாகவும் எஃப் சுரத்துக்கான தந்திகள் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும். மற்றவற்றுக்கு அடையாள நிறம் கிடையாது. காலால் மிதித்துச் சுரம் மாற்றும், 47 தந்திகள் கொண்ட பெரிய பெடல் ஹார்ப் ஆனாலும், கையால் சிறு நெம்புகோல்களை உயர்த்திச் சுரம் மாற்றும், 34 தந்திகள் கொண்ட லீவர் ஹார்ப் ஆனாலும், வாசிப்பவர் தம் விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது இந்த இரண்டு நிறங்களை வைத்துத்தான். முதல் வகுப்பில் நான் முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான். பிறவியிலேயே பார்வையற்ற பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி என்னிடம் கற்க வந்தபோது, பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய அந்த முதல் பாடம் எதற்கும் உதவவில்லை.

அவளுக்குக் கற்பித்த பதினான்கு மாதங்களின் பதிவு இது. இதே காலத்தில் என்னிடம் பயின்றவரும், பார்வை படிப்படியாகக் குறைந்துவருபவருமான நாற்பத்தொரு வயது மாணவி ஒருவரைப் பற்றியும் தேவையான இடத்தில் எழுதியுள்ளேன். இருவரின் பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் செய்த தவறுகளை விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் முதல் இரண்டு மாதங்களில் நான் செய்த தவறுதான், இந்தக் கருவியைப் பற்றி நான் அதுவரை சரியாகப் புரிந்துகொள்ளாதிருந்த ஒன்றை எனக்குக் காட்டியது.

மாணவியும் கருவியும்

சிறுமி நான்கு ஆண்டுகள் கீபோர்டு பயின்றவள். விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தான பிரெய்லை விரைவாகப் படிப்பாள். ஒரு சுரத்தைக் கேட்டதும் அதன் பெயரைச் சொல்லிவிடுவாள். இதைக் கண்டு, பாதி வேலை முடிந்துவிட்டது என்று நான் எண்ணினேன். பார்வையற்றவர்களுக்குச் செவி கூர்மையானது, ஆகவே இசை எளிதில் வரும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சை ஆசிரியர்கள் நம்பாமலிருப்பது நல்லது. செவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், தந்தி ஒலித்த பிறகுதான் அது சரியா தவறா என்று சொல்ல முடியும். கைக்கோ ஒலி எழுவதற்கு முன்பே இடம் தெரிந்தாக வேண்டும். அந்த முன்னறிவைச் செவி தருவதில்லை.

கீபோர்டு அந்த முன்னறிவைத் தானே தருகிறது. கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் மேடுபோல் எழுந்து நிற்பதால், விரலால் தடவிப் பார்த்தாலே சி எங்கே, எஃப் எங்கே என்று தெரிந்துவிடும். தடவும்போது ஒலி எழுவதுமில்லை, ஒலித்துக்கொண்டிருப்பது நிற்பதுமில்லை. ஹார்ப்பில் மேடு பள்ளம் கிடையாது. தந்திகள் அனைத்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கீழே செல்லச் செல்லப் பருமனும் இடைவெளியும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். அவள் பயின்ற 34 தந்தி லீவர் ஹார்ப்பில் ஐந்து சி, ஐந்து எஃப் ஆகப் பத்துத் தந்திகள் நிறமேற்றப்பட்டவை. அந்தப் பத்தின் நிறத்தையும் நீக்கிவிட்டு நினைத்துப்பார்த்தால், கையில் கிடைப்பது அடையாளமற்ற நீண்ட வேலி ஒன்றுதான்.

நூல் முடிச்சு

நிறத்துக்குப் பதிலாகத் தொடு அடையாளம் வைப்பது என்று முடிவு செய்தேன். சி தந்திகளின் அடியில், தந்திகளின் கீழ்முனை பொருந்தியிருக்கும் ஒலிப்பலகையை ஒட்டிய இடத்தில் மெல்லிய பட்டு நூலால் ஒரு முடிச்சும், எஃப் தந்திகளின் அடியில் இரண்டு முடிச்சுகளும் போட்டேன். தந்தியின் நடுவில் எதையாவது கட்டினால் ஒலி கெடும். அடியோடு ஒட்டிக் கட்டினால் பெரிதாகப் பாதிக்காது. முடிச்சு நழுவாமலிருக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து செய்த வேலை அது. மறுநாள் அவள் விரலை மேலிருந்து கீழே இறக்கி, முடிச்சைக் கண்டு, மீண்டும் மேலே ஏற்றி, சரியான தந்தியை மீட்டினாள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஏழு வாரங்கள் இப்படியே சென்றன. எந்தச் சுரத்தைக் கேட்டாலும் அவள் தவறாமல் கண்டுபிடித்தாள். ஆனால் எளிய மெட்டு ஒன்றைக்கூட அவளால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. வேகம் போதவில்லை, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “டீச்சர், நான் ஒரு சத்தத்தை அழிச்சுட்டுத்தான் அடுத்த சத்தத்தைத் தேடுறேன்.”

நான் காணத் தவறியதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அதிரும் தந்தியைத் தொட்டால் அது அடங்கிவிடும். அரைகுறையாகத் தொட்டால் நறநறவென்று இரையும். கீபோர்டில் தேடுவதற்கு விலை இல்லை, ஹார்ப்பில் ஒவ்வொரு தேடலுக்கும் ஒலியையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முடிச்சைத் தேடி அவள் விரல் கீழே இறங்கும்போது பக்கத்துத் தந்திகளிலும் உரசுகிறது. சற்றுமுன் மீட்டிய சுரம் முழுதாக ஒலிக்கும் முன்பே மடிகிறது. நான் அவளுக்குக் கொடுத்திருந்தது வழியறியாதவர் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு போவதைப் போன்ற முறை. நிறத்தைப் பார்க்கும் கண் தந்தியைத் தொடுவதில்லை. அதனால்தான் பார்வையுள்ளவர்களுக்கு நிறம் உதவுகிறது. நிறத்தை விரலுக்கு மாற்றித் தந்தபோது அந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அன்றே முடிச்சுகளை அவிழ்த்துவிட்டேன்.

பழைய கலைஞர்கள்

அந்த வாரத்தில்தான், அறிந்திருந்தும் பாடமாக எடுத்துக்கொள்ளாத ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஹார்ப் வரலாற்றில் பார்வையற்றவர்கள் விதிவிலக்குகள் அல்லர். 1792 ஜூலையில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கூடிய பத்து ஐரிஷ் ஹார்ப் கலைஞர்களில் ஆறு பேர் பார்வையற்றவர்கள். அவர்களில் மூத்தவரான டெனிஸ் ஹெம்ப்சன் மூன்று வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தவர். உலோகத் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையை அந்தக் கூட்டத்தில் கைக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே. அவருக்கு முற்பட்ட டர்லோ ஓ’காரலன் (1670–1738) பதினெட்டு வயதளவில் அதே நோயால் பார்வை இழந்த பிறகுதான் ஹார்ப் பக்கமே வந்தார். மூன்றாண்டுப் பயிற்சிக்குப்பின், கொடையாளி ஒருவர் அளித்த குதிரையோடும் வழித்துணையோடும் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். வேல்ஸ் நாட்டின் ஜான் பாரி (இறப்பு 1782) மூன்று வரிசைத் தந்திகள் கொண்ட ஹார்ப்பைப் பார்வையின்றியே கையாண்டவர். அந்தக் கருவியில் நடு வரிசையைத் தொட வேண்டுமானால் வெளி வரிசைத் தந்திகளுக்கு இடையில் விரலை நுழைக்க வேண்டும். 1808இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய ஹார்ப் சங்கம், பார்வையற்ற கலைஞரான ஆர்தர் ஓ’நீலையே ஆசிரியராக அமர்த்திப் பார்வையற்ற சிறுவர்களுக்குக் கற்பித்தது.

இவர்களைப் பற்றி மன ஊக்கத்துக்காக மாணவர்களிடம் சொல்வதுண்டு. எனக்கு அப்போது தேவைப்பட்டது ஊக்கம் அன்று. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதே. ஒரு குறிப்பு கிடைத்தது. உலோகத் தந்தியின் ஒலி நெடுநேரம் நீடிக்கும். அடக்காவிட்டால் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும். ஆகவே பழைய கலைஞர்களுக்கு மீட்டுவது பாதி, அடக்குவது மறுபாதி. பெல்ஃபாஸ்ட் கூட்டத்தில் மெட்டுகளைக் குறித்துக்கொண்ட எட்வர்ட் பன்டிங், 1840இல் வெளியிட்ட தொகுப்பில் அடக்கும் விரலசைவுகளையும் பெயரிட்டுப் பதிவு செய்திருக்கிறார். தந்தியைத் தொட்டால் ஒலி அடங்கும் என்பது எனக்கும் என் மாணவிக்கும் இடையூறாக நின்றது. அவர்களுக்கோ அதுவே வாசிப்பின் ஓர் உறுப்பு. அடக்க வேண்டிய இடத்தில் தொடலாம். தொடும்போது இடத்தையும் அறிந்துகொள்ளலாம். எங்கள் வகுப்பு இந்த எண்ணத்திலிருந்து மறுபடியும் தொடங்கியது.

கை வடிவம்

தனித்தனித் தந்திகளைத் தேடுவதை அடியோடு நிறுத்தினோம். முதலில் உடல் நிற்க வேண்டிய இடத்தை உறுதி செய்தோம். முக்காலியின் உயரத்தை ஒரே அளவில் வைத்து, அதன் கால்களும் ஹார்ப்பின் அடிப்பகுதியும் இருக்க வேண்டிய இடங்களில் தரையில் தடித்த நாடா ஒட்டினேன். கருவி வலத்தோளில் சாயும்போது பாரமே தெரியாத ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. அவள் கண்ட முதல் அடையாளம் அதுவே. தோளில் கருவி அதே இடத்தில் அமர்ந்தால், வலது முன்கை ஒலிப்பலகையின் ஓரத்தில் படும் இடமும் மாறாது. அந்த ஓரத்திலிருந்து விரல் நீளும்போது அடையும் தந்தியும் மாறாது. பார்வையுள்ள மாணவர்கள் முக்காலியை நாளுக்கொரு விதமாகப் போட்டாலும் கண்ணால் சமாளித்துவிடுவார்கள். இவளிடம் இரண்டு விரற்கடை விலகினாலும் எல்லாம் பிசகிவிடும்.

அடுத்ததாக, கை எப்போதும் புறப்படும் வீடாக ஒரே ஒரு தந்தியை வைத்துக்கொண்டோம். அவளுடைய கருவியில் கம்பி சுற்றிய தடித்த தந்திகள் ஒரு ஜி தந்தியோடு முடிகின்றன. அதற்கு மேல் வெறும் நைலான். சுற்றுத் தந்தி விரலுக்குச் சொரசொரப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், நைலான் வழவழப்பாக இருக்கும். அந்த எல்லையைக் கடந்து மூன்றாவது தந்தி நடு சி. வாசிக்கத் தொடங்குமுன் ஒருமுறை, கருவி அமைதியாக இருக்கும்போது, அவள் இந்த எல்லையைத் தொட்டு இடத்தை அறிவாள். அதன்பின் தேடுவதில்லை.

மற்றெல்லாம் கையின் விரிவுதான். ஹார்ப்பில் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை. கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை நான்கு விரல்கள். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் எட்டாம் சுரம் விழும்போது உள்ளங்கை எவ்வளவு திறக்கிறது, ஐந்தாம் சுரத்துக்கு எவ்வளவு சுருங்குகிறது, ஒரு தந்தியைத் தாண்டி மூன்றாம் சுரத்தைப் பிடிக்கும்போது விரலிடுக்கு எப்படியிருக்கிறது என்பவற்றை, சுரத்தின் பெயரைச் சொல்லாமல், கையின் உணர்வாகவே பயின்றாள். நான் “ஐந்து” என்றால் ஐந்து, “எட்டு” என்றால் எட்டு. கருவியே இல்லாமல், என் மேசையின் விளிம்பில் விரல்களை வைத்துக் காட்டுவாள். மேலே செல்லச் செல்லத் தந்திகள் நெருங்குவதால் ஒரே இடைவெளிக்குக் கை கொஞ்சம் குறுகும். அந்த நுண்ணிய வேறுபாட்டை அவள் கை பிடித்துக்கொள்ள இரண்டு மாதங்கள் ஆயின.

இங்கேதான் ஹார்ப்பின் பழைய பயிற்சி முறையே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. இக்கருவியில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்து மீட்டுவதில்லை. ஒரு தொடருக்கு வேண்டிய விரல்கள் அனைத்தையும் முன்கூட்டியே தந்திகளில் பொருத்திக்கொண்டு பிறகு மீட்ட வேண்டும் என்பது எல்லா ஆசிரியர்களும் வலியுறுத்தும் விதி. ஏறுவரிசையில் மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல், கட்டைவிரல் என நான்கு தந்திகள். கட்டைவிரல் மீட்டுவதற்கு முன்பே மோதிரவிரல் அதன் அடியில் நுழைந்து ஐந்தாவது தந்தியில் அமர்ந்துவிடும். இறங்குவரிசையில் மோதிரவிரல் மீட்டுமுன் கட்டைவிரல் மேலாகக் கடந்து அடுத்த தந்தியைப் பிடித்துக்கொள்ளும். எந்த நொடியிலும் ஒரு விரலாவது தந்தியை விட்டு நீங்காமல் இருக்கிறது. இன்னும் ஒலிக்காத தந்தியில்தான் அது அமர்கிறது. ஆகவே கெட்டுப்போக ஒலி ஏதுமில்லை. விரலின் ஒழுங்குக்காகவும் ஒலியின் தொடர்ச்சிக்காகவும் சொல்லப்படும் இந்த விதியைப் பார்வையற்ற ஒருவர் வகுத்திருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாக வகுத்திருக்க முடியாது என்பேன். பார்வையுள்ள மாணவர்கள் இதை அலட்சியம் செய்து, கண்ணை நம்பி விரலைத் தாமதமாக வைப்பார்கள். அவர்களிடம் ஆண்டுக்கணக்கில் நான் கெஞ்சிக் கேட்டது, இவளுக்கு வேறு வழியே இல்லாததால் மூன்றே மாதங்களில் படிந்துவிட்டது.

மீட்டிய பின் விரல்களை உள்ளங்கைக்குள் மூடி, கையை அழகாக உயர்த்தும் பாணியை மட்டும் நாங்கள் தள்ளிவைத்தோம். கை உயரும்போது இடம் தொலைகிறது. ஆனால் ஆறாவது மாதத்தில் அவளே கேட்டாள், மேடையில் மற்றவர்கள் கையை உயர்த்துகிறார்களாமே, அது எப்படியிருக்கும் என்று. நான் வாசிக்க, என் முன்கைமேல் தன் கையை வைத்து அந்த அசைவு முழுவதையும் பின்தொடர்ந்தாள். இப்போது ஒரு தொடர் முடிந்து நெடிய இடைவெளி வரும் இடங்களில், திரும்பி வர நேரமிருக்கும்போது, அவளும் உயர்த்துகிறாள்.

தாவல்கள்

கை தந்தியை விட்டே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. இடக்கை கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, நடு ஸ்தாயியில் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டுச்சுரத்துக்குத் தாவி, மறுபடியும் கீழே வர வேண்டும். இதில் நாங்கள் செலவிட்ட நேரம் மிக அதிகம். முழங்கையின் கோணத்தை அளவாகக் கொள்ளச் சொன்னேன், ஓரளவு பயன்பட்டது. வலக்கை ஏற்கெனவே நிலைத்திருக்கும் இடங்களில் இடக்கைக் கட்டைவிரல் அதன் மோதிரவிரலை இலேசாகத் தொட்டு இடமறியச் சொன்னேன். அது நன்றாகப் பயன்பட்டது.

எல்லாவற்றிலும் பயன்பட்டது அவளே கண்டுபிடித்தது. கீழ்த்தந்திகளின் ஒலி நெடுநேரம் நீடிப்பதால் கூட்டுச்சுரம் மாறும்போது உள்ளங்கையை விரித்து அவற்றின்மேல் சாய்த்து அடக்க வேண்டும். இதைச் செய்துகொண்டிருந்த ஒரு நாளில் அவள் திடீரென்று நிறுத்தி, அதே அடக்கலைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். உள்ளங்கை படியும்போது சுண்டுவிரலின் ஓரம் எந்தத் தந்திமேல் படுகிறது, கட்டைவிரலின் அடி மேடு எந்தத் தந்திமேல் படுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒலியை அடக்கும் அதே தொடுகையில் அடுத்த சுரத்துக்கான இடமும் கிடைத்துவிடுகிறது. அதன்பின் இடக்கைப் பகுதிகள் அனைத்தையும் நாங்கள் இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி அமைத்தோம். எங்கே அடக்கல் இசைக்குப் பொருந்துமோ அங்கே அதைச் சேர்த்து, தாவலை அதற்குப் பின்னால் வைத்தோம். சில மெட்டுகள் இதனால் முன்பைவிடத் தெளிவாகவே ஒலித்தன.

சொல்லும் தொடுகையும்

வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோதுதான், “இங்கே”, “இப்படி”, “இந்த மாதிரி” ஆகிய மூன்றையும் நான் எவ்வளவு அதிகமாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது. “நீங்க ‘இங்கே’ன்னு சொல்ற இடம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலை, டீச்சர்” என்று அவள் ஏற்கெனவே ஒருமுறை பணிவாகச் சொல்லியிருந்தாள். அச்சொற்களை விட்டுவிட்டு, “கட்டைவிரலின் மூட்டு மடங்காமல் நீண்டிருக்கட்டும்”, “நடுவிரலின் நுனியல்ல, நுனிக்கு ஒட்டிய சதைப்பற்று தந்தியில் பதியட்டும்” என்று பேசப் பழகினேன். இதன் பலன் மற்ற மாணவர்களுக்கும் கிடைத்தது.

தொடுவதில் இன்னொரு பிழை செய்தேன். தொடக்கத்தில் அவள் கையைப் பிடித்து நானே தந்தியில் வைத்தேன். அவள் கை இறுகியது. பிடித்து நகர்த்தப்படும் கை எதையும் கற்பதில்லை. பிறகு முறையை மாற்றி, என் கை தந்தியிலும் அவள் கை என் கைமேலுமாக வைத்துக்கொண்டோம். விலக்கிக்கொள்ளும் உரிமை அவளுடையதாயிற்று. எதைத் தொடப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் தொடுவதில்லை என்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

பிரெய்ல் இசைக்குறியீடு

இரண்டு கைகளும் தேவைப்படும் கருவியை வாசித்துக்கொண்டே பிரெய்லைப் படிக்க முடியாது. ஆகவே சில அளவைகளை (இசைத்தாளில் தாளக் கணக்குப்படி பிரித்த சிறு பகுதிகளை) விரலால் படித்து, மனத்தில் நிறுத்தி, பின்பு வாசிக்க வேண்டும். செவிவழிப் பாடம் போதுமே, குறியீடு எதற்கு என்று பெற்றோர் கேட்டார்கள். என் ஒலிப்பதிவிலிருந்து மட்டுமே கற்றால், என் பாணியும் என் பிழைகளும் சேர்ந்தே அவளுக்குப் போகும். படைத்தவர் எழுதியதை நேரே படிக்கும் வழி அவளுக்கும் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். லூயி பிரெய்ல் தாமே ஆர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட முறையிலேயே எழுத்தோடு இசைக்கும் இடமளித்திருந்தார்.

ஆறு புள்ளிகளில் மேல் நான்கும் சுரத்தின் பெயரையும், கீழ் இரண்டும் அதன் கால அளவையும் காட்டும். சி என்ற சுரம் எழுத்துப் பிரெய்லில் டி என்ற எழுத்தின் வடிவத்தில் இருப்பதால் முதலில் கொஞ்சம் குழப்பம் வரும். சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஹார்ப் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிரெய்லில் கூட்டுச்சுரத்தின் எல்லாச் சுரங்களையும் எழுதுவதில்லை. ஒரு சுரத்தை எழுதிவிட்டு மற்றவற்றை அதிலிருந்து மூன்றாம், ஐந்தாம், எட்டாம் இடைவெளிகள் என்றே குறிப்பார்கள். வலக்கைக்குப் பொதுவாக மேல் சுரத்திலிருந்து கீழ்நோக்கி, இடக்கைக்குக் கீழ் சுரத்திலிருந்து மேல்நோக்கி. ஹார்ப்பில் இரு கைகளிலும் கட்டைவிரலே மேல் சுரத்தை மீட்டும். ஆகவே வலக்கைக் குறியீடு கட்டைவிரலில் தொடங்கி மோதிரவிரலுக்கு இறங்கும். இடக்கைக் குறியீடு மோதிரவிரலில் தொடங்கிக் கட்டைவிரலுக்கு ஏறும். கீபோர்டில் வலக்கைக் கட்டைவிரல் கீழ்ச் சுரத்தில் இருக்கும் பழக்கம் அவளிடம் இருந்ததால், இந்த ஒன்றை மட்டும் பல நாட்கள் திருத்த வேண்டியிருந்தது. திருந்திய பிறகு, தாள் சொல்லும் இடைவெளியும் கை திறக்கும் அளவும் ஒன்றாகிவிட்டன. அச்சுக் குறியீட்டில் கூட்டுச்சுரம் புள்ளிகளின் அடுக்காகத் தெரியும். அவளுக்கு அது விரலுக்கு விரல் எவ்வளவு தூரம் என்ற செய்தியாகவே கிடைக்கிறது.

ஓரளவு பார்வையுள்ள மாணவி

நாற்பத்தொரு வயது மாணவி ஆறு ஆண்டுகள் பார்வையோடு வாசித்தவர். விழித்திரைச் சிதைவு நோயால் பக்கப் பார்வை குறைந்து, குழாய்வழிப் பார்ப்பதுபோன்ற நிலையில் இருந்தார். சிறுமியைவிட இவருக்கு எளிதாக இருக்கும் என்று எண்ணினேன். உண்மையில் கடினமாகவே இருந்தது. எஞ்சிய பார்வையைக் கொண்டு ஒவ்வொரு தந்தியையும் பிடிக்க முயன்று, கழுத்தை வளைத்து, தலையைக் கருவிக்குள் நுழைப்பதுபோல் சாய்ந்து வாசித்தார். தோள்வலி வந்தது. இருண்ட பின்னணியில் கறுப்புத் தந்திகள் அவருக்கு மறைந்தே போயின. நேரே விழும் விளக்கொளியில் நைலான் தந்திகள் மின்னிக் கண்ணைக் கூசவைத்தன.

கண்ணைக் கட்டிக்கொண்டு பயிலலாமே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. “அந்த நாள் வரும்போது வரட்டும் மேடம். நீங்க முன்னாடியே கூட்டிட்டு வராதீங்க” என்றார். அதன்பின் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. மாறாக, தந்திகளுக்கு அப்பால் வெளிர்நிறத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றி, பார்வையை எங்கே செலவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். தொடரின் முதல் இருப்பிடத்துக்கும் பெரிய தாவல்களுக்கும் மட்டும் கண். நடுவில் எல்லாம் சிறுமி பயின்ற அதே கை விரிவுகள். கழுத்து நிமிர்ந்தது. பார்வை நாளுக்கு நாள் மாறுபடுவதால் வகுப்பின் தொடக்கத்தில் “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்பது எங்கள் வழக்கமாயிற்று.

லீவர்களும் தீராதவையும்

லீவர் ஹார்ப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கழுத்துப் பகுதியில் ஒரு சிறு லீவர் உண்டு; அதை உயர்த்தினால் அந்தத் தந்தி அரைச்சுரம் ஏறும். லீவரைத் தொட்டால் ஒலி அடங்காது. ஆகவே சி, எஃப் லீவர்களில் மட்டும் சிறு மேடுபோல் ஒட்டிவைத்தேன். தந்தியில் தோற்றுப்போன அடையாளம் இங்கே வென்றது. எங்கே தொடுவதால் இசைக்குக் கேடில்லையோ அங்கே அடையாளம் வைக்கலாம் என்பதை இப்போது ஒரு விதியாகவே கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரே அளவைக்குள் இரண்டு லீவர்களை மாற்றிவிட்டு இடக்கை தந்திக்குத் திரும்ப வேண்டிய இடங்களை அவளால் இன்னும் உறுதியாக வாசிக்க முடியவில்லை. அத்தகைய படைப்புகளைத் தற்போது தவிர்க்கிறோம், அல்லது இடக்கைப் பகுதியைக் குறைத்து எழுதிக்கொள்கிறோம். குழுவாக வாசிக்கும்போது தொடக்கச் சைகையைப் பக்கத்திலிருப்பவர் மூச்சொலியால் தருகிறார். அமைதியான அரங்கில் இது போதுமானது, இரைச்சலான இடத்தில் போதவில்லை.

சுருதி சேர்ப்பதை அவள் தானே செய்கிறாள். எந்த ஆணி எந்தத் தந்திக்கு என்று குழம்பாமலிருக்க, தந்தியை மீட்டி, அதையே விரலால் பிடித்தபடி மேலேறி ஆணியை அடைவாள். பதினோராவது மாதத்தில் வகுப்பு நடுவே ஒரு தந்தி அறுந்தது. நான் எழுவதற்குள் அவள் ஒலிப்பெட்டியின் பின்புறத் துளை வழியாகக் கையை விட்டு அறுந்த முடிச்சை எடுத்துவிட்டாள். புதுத் தந்தியில் முடிச்சுப் போடும் முறையை நான் வாயால் சொல்லச் சொல்ல, மடியில் வைத்து இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை, முடிச்சை உதட்டில் வைத்து அதன் பருமனைச் சோதித்துவிட்டு, “இது நழுவாது” என்று உள்ளே செலுத்தினாள். நழுவவில்லை.

சென்ற மாதம் பெடல் ஹார்ப்பைத் தொடங்கினோம். அதன் ஏழு பெடல்களில் டி, சி, பி ஆகிய மூன்றும் இடக்காலுக்கு, ஈ, எஃப், ஜி, ஏ ஆகிய நான்கும் வலக்காலுக்கு; ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். எவராயினும் இவற்றைப் பார்க்காமல்தான் இயக்கியாக வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம் அவள் கால்களால் மட்டும் அந்தப் படிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சுரத்தின் பெயரைச் சொல்வேன்; அந்தப் பெடல் பள்ளத்தில் விழும் ஓசை கேட்கும். ஏழையும் ஒரு சுற்று முடித்ததும், இனித் தான் சொல்வதாகவும் நான் மிதிக்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் அமர்ந்தேன். ஜி என்றதற்கு எஃப் பெடலை மிதித்தேன். அவள் உடனே கண்டுபிடித்து, மறுபடியும் “ஜி” என்றாள்.